தென்னை சாய்ந்திருந்தால் டேன் கைகொடுக்காது: சைன் விதியை நிஜமாகப் பயன்படுத்துவது எப்படி

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தென்னை. காய்ப்பு நின்று பல வருடம் ஆகிவிட்டது, போதாததற்கு பின்பக்கத்துத் தகரக் கொட்டகையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. வெட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்தபோது, மரம் அப்படியே சாய்ந்தால் கொட்டகை மேல் விழுமா என்பதுதான் கேள்வி. மரத்தடியிலிருந்து கொட்டகைக்கு பதினைந்தரை மீட்டர். என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆர்வமாக டேப்பையும் கோணமானியையும் தூக்கிக்கொண்டு போனான். கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியிலிருந்து சரியாக 20 மீட்டர் தள்ளி, தரையோடு கண்ணை வைத்துப் படுத்து, உச்சியைப் பார்த்தான். ஏற்றக் கோணம் 35 டிகிரி. டேன் 35° என்றால் 0.70, அதை 20-ஆல் பெருக்கினால் 14 மீட்டர், "கொட்டகைக்குப் பயமில்லை சார்" என்று வந்து சொன்னான்.

கணக்கில் தப்பே இல்லை, தப்பு படத்தில். டேன் என்பது செங்கோண முக்கோணத்துக்கு உரியது, மரம் நட்டுக்குத்தலாக நின்றால்தான் அது செல்லும். இந்த மரம் அவன் படுத்திருந்த இடத்துக்கு எதிர்ப்புறமாக 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதாவது மரத்தடியில் இருக்கும் கோணம் 90 இல்லை, 100. (தென்னை வளைந்து வளைந்துதான் போகும், அதனால் தண்டை ஒட்டி அளக்காதீர்கள். பக்கவாட்டில் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, அடியையும் உச்சியையும் நேர்கோடாக இணைத்து, அந்தக் கோடு தூக்குநூலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள்.) இப்போது முக்கோணத்தின் மூன்று கோணங்கள்: அவன் இருக்கும் இடத்தில் 35, மரத்தடியில் 100, மீதி 45 உச்சியில். தெரிந்த பக்கம் ஒன்றுதான், 20 மீட்டர். அதற்கு நேர் எதிரே இருப்பது உச்சிக் கோணம் 45. மரத்துக்கு நேர் எதிரே இருப்பது 35.

மரம் ÷ சைன் 35° = 20 ÷ சைன் 45°

மரம் = 20 × 0.5736 ÷ 0.7071 = 16.2 மீட்டர்

அடியோடு வெட்டிச் சாய்த்தால் கொட்டகையின் ஓரம் போயிருக்கும். மேலே ஏறி, கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கினார்கள்.

இதுதான் சைன் விதி. எந்த முக்கோணத்தை எடுத்தாலும், ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் வரும் எண், மூன்று பக்கத்துக்கும் ஒன்றே. பதினொன்றாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்துவிட்டு, எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் அப்படி வருகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது. ஒரு முக்கோணம் வரைந்து மூலைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வையுங்கள். சி-யிலிருந்து கீழே ஏபி கோட்டுக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்குங்கள். அந்த உயரத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். இடப்பக்கத்துச் செங்கோண முக்கோணத்தைப் பார்த்தால் அது ஏசி × சைன் ஏ. வலப்பக்கத்தில் பார்த்தால் பிசி × சைன் பி. உயரம் ஒன்றுதான், ஆகவே இரண்டும் சமம். மாற்றி எழுதினால் பிசி ÷ சைன் ஏ = ஏசி ÷ சைன் பி, இன்னொரு மூலையிலிருந்து இறக்கினால் மூன்றாவது பக்கமும் இதில் சேர்ந்துவிடும். அவ்வளவுதான் நிரூபணம். ஒரு மூலை விரிகோணமாக இருந்து செங்குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே விழுந்தாலும் இது கெடாது, ஏனென்றால் சைன் 100°-யும் சைன் 80°-யும் ஒரே மதிப்பு. இந்த வசதியேதான் பின்னால் ஒரு பெரிய வில்லங்கத்தையும் கொண்டுவரும், அதற்கு வருகிறேன்.

கணக்கைப் பார்த்ததும் முதலில் செய்யவேண்டியது சூத்திரம் எழுதுவது இல்லை. ஜோடி தேடுவது. ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிரே உள்ள கோணமும் சேர்ந்து ஒரு ஜோடி. மூன்று ஜோடியில் ஏதாவது ஒன்று முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சைன் விதி ஓடும், தெரியாவிட்டால் ஓடாது. இரண்டு கோணம் தெரிந்தாலே மூன்றாவது 180-லிருந்து கழித்தால் வந்துவிடும், அதனால் இரண்டு கோணமும் ஏதோ ஒரு பக்கமும் கொடுத்திருந்தால் ஜோடி எப்படியும் கிடைத்துவிடும், தென்னையில் கிடைத்தது போல. இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவே உள்ள கோணமும் கொடுத்தாலோ, மூன்று பக்கம் மட்டும் கொடுத்தாலோ ஜோடி கிடையாது, அங்கே கொசைன் விதியில்தான் (மூன்று பக்கத்தையும் ஒரு கோணத்தையும் இணைக்கும் இன்னொரு விதி) தொடங்கவேண்டும். மூன்று கோணம் மட்டும் கொடுத்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது, எந்த விதியும் உதவாது.

சரி, ஒரு ஆற்றை அளப்போம். சைன் விதியைப் படிக்க மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வைகை பெரும்பாலான மாதங்கள் மணலாகத்தான் கிடக்கும். ஊருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் கணக்குப் படிப்பவனுக்கு, அகலத்தைக் கரையில் நின்றே கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் இறங்கி நடந்து டேப்பிலும் அளந்து விடையைச் சரிபார்க்க முடிகிற ஆறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? சோழவந்தான் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேழு பிள்ளைகளோடு போய் இதைச் செய்தோம்.

கோணம் அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பிளைவுட் பலகையில் பெரிய கோணமானியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினோம், நடுவில் ஒரு குண்டூசி, விளிம்பில் நகர்த்திக் குத்த இன்னும் இரண்டு. ஸ்டூல் மேல் பலகையை மட்டமாக வைத்து, நடு ஊசி, விளிம்பு ஊசி, பார்க்கும் பொருள் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். போனில் உள்ள திசைகாட்டியை இதற்கு நம்பாதீர்கள், பக்கத்தில் பைக்கோ இரும்புக் கம்பியோ இருந்தால் ஊசி இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றக் கோணத்துக்கு மட்டும் போன் பரவாயில்லை, அல்லது கோணமானியின் நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டாலே போதும்.

தென்கரையில் ஆற்றை ஒட்டி 120 மீட்டருக்கு ஒரு நேர்கோடு (அடிக்கோடு என்பது இதைத்தான்), இரண்டு முனையிலும் கம்பு நட்டோம், ஏ, பி. எதிர்க்கரையில் தண்ணீர் வந்தால் தொடும் விளிம்பிலேயே தனியாக நின்ற ஒரு வேப்பமரம் சி. ஏ-யில் நின்று பி-க்கும் வேம்புக்கும் நடுவே அளந்தால் 68 டிகிரி. பி-யில் நின்று ஏ-க்கும் வேம்புக்கும் நடுவே 74. ஆக வேம்பில் 180 − 68 − 74 = 38. தெரிந்த பக்கம் 120, அதன் எதிரே 38, ஜோடி சேர்ந்துவிட்டது.

ஏசி = 120 × சைன் 74° ÷ சைன் 38° = 120 × 0.9613 ÷ 0.6157 = 187.4 மீட்டர்

இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். 187 என்பது ஏ-யிலிருந்து வேம்புக்குக் குறுக்காகப் போகும் தூரம், ஆற்றின் அகலம் இல்லை. கேட்டது என்ன என்று திரும்பப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நேர் அகலத்துக்கு இன்னும் ஒரு படி: 187.4 × சைன் 68° = 187.4 × 0.9272 = 173.7 மீட்டர். பிறகு எல்லோருமாக மணலில் இறங்கி 30 மீட்டர் டேப்பைத் திரும்பத் திரும்ப விரித்து அளந்தோம், 172 வந்தது. ஊசியும் பலகையும் வைத்து இரண்டு மீட்டருக்குள் வந்ததைப் பார்த்து பிள்ளைகள் கத்தினார்கள், எனக்கும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்த 120 மீட்டரை ஏன் அவ்வளவு நீளமாக எடுத்தோம்? இதைப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை, களத்தில் இறங்கினால்தான் தெரியும். பி-யில் ஒரு டிகிரி தப்பாக 75 என்று படித்திருந்தால் அகலம் 178.6 வந்திருக்கும், ஐந்து மீட்டர் பிழை. போனால் போகிறது என்று விடலாம். அதே வேம்பை வெறும் 30 மீட்டர் அடிக்கோட்டிலிருந்து பார்த்திருந்தால் பி-யில் 103 வரும், வேம்பில் 9 டிகிரிதான் மிஞ்சும். அப்போது ஒரு டிகிரி தப்பினால் அது 8 ஆகிவிடும், அகலம் 194 என்று விடை வரும், பிழை இருபது மீட்டர்! சின்னக் கோணத்தின் சைன் சின்ன எண், சின்ன எண்ணால் வகுக்கும்போது பிழை ஊதிப் பெரிதாகும். நில அளவை படித்தவர்கள் முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30-க்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் போகாமல் பார்த்துக்கொள் என்று சொல்வது இதனால்தான்.

1802-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் முதல் அடிக்கோட்டை அளந்தபோது, அதன் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சங்கிலியை வைத்து அத்தனை தூரத்தையும் பாடுபட்டு அளந்தது ஏனென்றால், அந்த ஒரு நீளத்தைச் சரியாக எடுத்துவிட்டால் அடுத்தடுத்த முக்கோணங்களுக்குக் கோணம் மட்டும் அளந்தால் போதும், பக்கங்களை சைன் விதி கொடுத்துவிடும். ஒரு முக்கோணத்தில் கணக்குப் போட்டு வந்த பக்கமே அடுத்ததற்கு அடிக்கோடு. இந்தியாவின் நீளத்தை அளந்த பெரிய முக்கோண அளவையின் எலும்புக்கூடு இதுதான், வைகைக் கரையில் நாங்கள் நட்ட இரண்டு கம்பும் அதன் சின்னத் துண்டுதான்.

இப்போது அந்த வில்லங்கத்துக்கு வருவோம். இரண்டு பக்கமும், அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் கொடுத்திருந்தால் ஜோடி இருக்கும், சைன் விதியும் ஓடும், ஆனால் விடை ஒன்றா இரண்டா என்று சூத்திரம் சொல்லாது, கால்குலேட்டரும் சொல்லாது.

மேலூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மாமா ஒருநாள் போன் போட்டார். "மாப்ள, முக்கோணமா ஒரு துண்டு இருக்கு, மூணு கல்லு. முதல் கல்லுல கோணம் 40 டிகிரி, அங்கருந்து மூணாவது கல்லுக்கு 50 மீட்டர். மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு 36 மீட்டர். முதலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, டேப்ப கொண்டுபோக முடியல. எத்தனை சென்ட்டுன்னு சொல்லு." முதல் கல் ஏ, இரண்டாவது பி, மூன்றாவது சி என்று வைத்துக்கொண்டேன். ஏ 40 டிகிரி, அதன் எதிர்ப்பக்கம் 36, ஜோடி தயார்.

சைன் பி = 50 × சைன் 40° ÷ 36 = 50 × 0.6428 ÷ 36 = 0.8928

தலைகீழ் சைன் போட்டால் கால்குலேட்டர் 63.2 டிகிரி என்று காட்டும். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் சி 76.8, மூன்றாவது பக்கம் 54.5 மீட்டர், பரப்பு 876 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக ஏறத்தாழ 21.6 சென்ட்.

ஆனால் சைன் 0.8928 ஆக இருக்கும் கோணம் இன்னொன்றும் உண்டு, 180 − 63.2 = 116.8. அதையும் ஏ-யின் 40-ஐயும் கூட்டினால் 156.8, இன்னும் 180-ஐத் தாண்டவில்லை, சி-க்கு 23.2 மிச்சம் இருக்கிறது. ஆக அதுவும் நல்ல முக்கோணம்தான். அதில் மூன்றாவது பக்கம் 22.1 மீட்டர், பரப்பு 355 சதுர மீட்டர், 8.8 சென்ட். மாமா சொன்ன அதே மூன்று அளவுகளுக்கு இரண்டு நிலம், நடுவே வித்தியாசம் கிட்டத்தட்ட 13 சென்ட்!

இது எப்படி என்று கண்ணால் பார்க்க, மூன்றாவது கல்லில் 36 மீட்டர் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் முனையைப் பிடித்து அரைவட்டமாகச் சுற்றி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கல்லிலிருந்து போகும் எல்லைக்கோட்டை அந்த முனை ஒரு தடவை கிட்டத்தில் தொடும், இன்னொரு தடவை தூரத்தில் தொடும். இரண்டு இடத்திலும் இரண்டாவது கல் இருக்கலாம். மூன்றாவது கல்லிலிருந்து அந்தக் கோட்டுக்கு நேர் தூரம் 50 × சைன் 40° = 32.1 மீட்டர். கயிறு 32.1-ஐ விடக் குட்டையாக இருந்தால் கோட்டைத் தொடவே தொடாது, விடை கிடையாது, யாரோ அளவைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம் (கால்குலேட்டரிலும் சைன் 1-ஐத் தாண்டி, எரர் காட்டும்). சரியாக 32.1 என்றால் ஒரே இடத்தில் தொடும், அங்கே செங்கோணம். 32.1-க்கும் 50-க்கும் நடுவே இருந்தால் இரண்டு இடம். 50 அல்லது அதற்கு மேல் என்றால் கிட்டத்துப் புள்ளி முதல் கல்லுக்குப் பின்னால் போய்விடும், அப்போது விடை ஒன்றுதான்.

இந்த எல்லைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தலைகீழ் சைன் போட்டு ஒரு கோணம் வந்ததும், அதை 180-லிருந்து கழித்து வரும் இன்னொரு கோணத்தையும் எழுதுங்கள், கொடுத்த கோணத்தோடு கூட்டுங்கள், 180-க்குக் கீழே இருந்தால் அதுவும் விடை, இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள். பரீட்சையில் இரண்டையும் எழுதவேண்டும். வயலில் இரண்டில் ஒன்றுதான் உண்மை, அதைக் கணக்கு சொல்லாது, போய்த்தான் பார்க்கவேண்டும். மாமாவிடம் கொத்தனார் செங்கோணம் பார்க்க வைத்திருக்கும் மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது கல்லுக்குப் போகச் சொன்னேன். புதருக்குள்ளே போகவேண்டாம், கல்லருகே நின்று, நிலத்தின் மூலை அந்த மூலைமட்டத்தை விட விரிந்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். விரிந்திருக்கிறது என்றார். 8.8 சென்ட். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சர்வேயரைக் கூப்பிட்டே அளந்துவிடுகிறேன் என்றார், அதுதான் சரி. பத்திரம், பட்டா என்று வரும் இடத்தில் புலப்படமும் (அரசின் நில அளவை வரைபடம்) அரசு அளவரின் அளவும்தான் பேசும், நம் கணக்கு நமக்குத் தெளிவாக மட்டும்.

இதே தொல்லை கொசைன் விதிக்குப் பிறகு சைன் விதிக்கு மாறும்போதும் வரும். கொசைனில் மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு, மீதிக் கோணங்களுக்கு சைன் விதி போடும்போது, தெரியாத கோணம் இரண்டில் சின்னப் பக்கத்துக்கு எதிரே உள்ளதை முதலில் எடுங்கள். அது விரிகோணமாக இருக்கவே முடியாது, ஆகவே கால்குலேட்டர் காட்டுவதை நம்பலாம். பெரியதை 180-லிருந்து கழித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டர் என்றதும் இன்னொன்று. அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ரேடியனில் இருந்தால் சைன் 35 மைனஸில் வரும், தப்பு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் சைன் 40 போட்டால் 0.745 என்று ரொம்ப நியாயமான எண்ணாக வந்து நிற்கும், கண்டுபிடிக்கவே முடியாது. சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் மேலே போகலாம். கடைசியில், பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்த இரண்டையும் செய்தாலே பாதித் தப்பு போய்விடும்.

பக்கத்தை எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் வருகிற அந்தப் பொது எண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது, முக்கோணத்தின் மூன்று மூலையையும் தொட்டுப் போகும் வட்டத்தின் விட்டம் அது. கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு, வீட்டில் உடைந்துகிடந்த ஒரு மண்பானையின் வாய்ப்பக்கத்து ஓட்டுத் துண்டை எடுத்து இதைச் செய்துபார்த்தோம். விளிம்பில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி, நடுவே ஒரு புள்ளி. ஓரப் புள்ளிகளுக்கு நடுவே நேராக 9 சென்டிமீட்டர், நடுப் புள்ளியில் கோணம் 150. சைன் 150° என்பது 0.5, ஆக 9 ÷ 0.5 = 18 சென்டிமீட்டர். கையளவு ஓட்டுத் துண்டை வைத்து முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிட்டோம்.

இனி நீங்கள் செய்ய ஒன்று, ஒத்தக்கடையை ஒட்டி நிற்கும் யானைமலையின் உயரம். கிட்டே போய் அடியிலிருந்து தூரம் அளக்க முடியாத பொருளுக்கு இரண்டு இடத்தில் நின்று பார்ப்பதுதான் வழி. முதலில் ஒரு செல்போன் டவரில் பழகுங்கள். மட்டமான தரையில் ஓரிடத்தில் ஏற்றக் கோணம் 28, டவரைப் பார்த்து நேராக 40 மீட்டர் நடந்தபின் 41 என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் உள்ள கோணம் இரண்டின் வித்தியாசம், 13. இரண்டாவது இடத்திலிருந்து உச்சிக்குச் சாய்வுத் தூரம் 40 × சைன் 28° ÷ சைன் 13° = 83.5 மீட்டர், உயரம் 83.5 × சைன் 41° = 54.8, அதோடு உங்கள் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மலைக்கும் இதே கணக்குதான், ஆனால் 40 மீட்டர் நடந்தால் கோணம் அசையவே அசையாது, சில நூறு மீட்டராவது வேண்டும், வைகையில் சொன்ன காரணம்தான். வயல்வெளிப் பக்கமாக மலையைப் பார்த்து நேராகப் போகும் மட்டமான பாதையாகத் தேடுங்கள். இன்னொன்று, மலை உருண்டையான ஒற்றைப் பாறை, கிட்டே போகப் போக உண்மையான உச்சி பாறையின் புடைப்புக்குப் பின்னால் மறைந்துவிடும், நீங்கள் உச்சி என்று பார்ப்பது தோளாக இருக்கும். அதனால் இரண்டு இடத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிற ஏதாவது ஒரு அடையாளத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு, அதைத்தான் இரண்டு தடவையும் பார்க்கவேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பாறையிலிருந்து கிளம்பும் கானலில் அடையாளமே ஆட ஆரம்பித்துவிடும்.